டப்ளினை விட்டு மேற்கே வரலாமா? மேயோ கவுன்டியில் வாழ்க்கையும் செலவும்

பாளையங்கோட்டைக்காரி (மேயோ)

அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் பலரும் கேட்கும் கேள்வி இது. டப்ளினில் வாடகை கட்டுப்படியாகவில்லை, மேயோ, ரோஸ்காமன் மாதிரி கிராமப்புறக் கவுன்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) போனால் நாலு காசு மிச்சம் பிடிக்கலாமா? பிடிக்கலாம். ஆனால் வாடகையில் மிச்சமாகும் பணம் வேறு எந்த வழியாக வெளியே போகிறது என்று தெரிந்துகொண்டு வாருங்கள். இங்கே விலைவாசி என்று தனியாக ஒன்றும் பெரிதில்லை. பால், ரொட்டி, மின்சாரம் எல்லாம் டப்ளின் விலைதான். தூரம்தான் செலவு வைக்கும்.

நாங்கள் இருப்பது மேயோவின் தலைமை ஊரான காஸல்பாருக்கு வெளியே, காரில் இருபது நிமிடம். டப்ளினில் ஒரு படுக்கையறை ஃபிளாட்டுக்குக் கொடுத்ததைவிடக் குறைந்த வாடகைக்கு இங்கே மூன்று படுக்கையறையும் பின்னால் தோட்டமும் கிடைத்தன. கிடைத்தது என்பதுதான் பெரிய விஷயம். மேற்கில் வீடு மலிவு என்பார்கள், ஆனால் வாடகைக்கு வீடு வருவதே அபூர்வம். வெஸ்ட்போர்ட் பக்கம் கோடைக்காலத்தில் சுற்றுலாக்காரர்களுக்கு விட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்று பல வீடுகளைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு வீடு அமைந்தது விளம்பரத்தைப் பார்த்து இல்லை. வார்டில் கூட வேலை பார்க்கும் ஒருவர் தன் சித்தப்பா வீடு சும்மா கிடக்கிறது என்று சொல்லிக் கூட்டிப்போனார். அதனால் வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே நாலு பேரிடம் வாய்விட்டுச் சொல்லி வையுங்கள்.

அடுத்தது கார். இந்திய லைசென்ஸை இங்கே அப்படியே மாற்றித் தர மாட்டார்கள். எழுத்துத் தேர்வு, எல் போர்டு, கட்டாய வகுப்புகள், அப்புறம் ஓட்டுநர் தேர்வு என்று முதலிலிருந்து வர வேண்டும். எல் போர்டில் இருக்கும்வரை இரண்டு வருடமாவது முழு லைசென்ஸ் வைத்திருப்பவர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது சட்டம். இரவு ஷிப்ட் முடிந்து காலை எட்டு மணிக்கு வெளியே வரும் நர்ஸுக்குப் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? எங்கள் சாலையில் பேருந்து வருவது பேருக்குத்தான். லைசென்ஸ் கைக்கு வரும்வரை மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு அறை எடுத்துத் தங்குவது நல்லது, வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. முதல் வருட இன்சூரன்ஸ் தொகை மலைக்க வைக்கும். பழைய கார் வாங்கினால் அதற்கென்று ஒரு செலவு: பத்து வருடம் தாண்டிய வண்டியை வருடாவருடம் என்சிடி என்னும் வாகனத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போனால் இரண்டு கார். டப்ளினில் பேருந்து அட்டையோடு முடிந்த விஷயம் இது.

மூன்றாவது குளிர். கிராமத்தில் கேஸ் குழாய் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் பச்சை பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இருக்கும், அதில் மண்ணெண்ணெய். பெரும்பாலும் குறைந்தது 500 லிட்டராகத்தான் லாரிக்காரர் கொண்டுவந்து ஊற்றுவார், மொத்தப் பணமும் அன்றைக்கே. மாதச் சம்பளக்காரர்களை இதுதான் திணறடிக்கும். 2022ல் உக்ரைன் போர் தொடங்கியதும் எண்ணெய் விலை எகிறியது. அதற்குப் பிறகு நாங்கள் கோடையிலேயே தொட்டியை நிரப்பி வைத்துவிடுகிறோம். வாடகை வீடு பார்க்கும்போது ஜன்னலையும் கூரைக் காப்பையும் பாருங்கள். வீட்டின் ஆற்றல் தரச்சான்று டி, இ என்று தாழ்ந்த தரமாக இருந்தால் குறைந்த வாடகையில் மிச்சமானதை எல்லாம் தொட்டி குடித்துவிடும்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறாய் என்று கேட்பீர்கள்.

2025 ஜனவரி 24ல் ஏயோவின் புயல் அடித்தது. கால்வே கடற்கரையில் மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் காற்று, அயர்லாந்தில் அதுவரை பதிவானதிலேயே அதிக வேகம். நாடு முழுக்க 7,68,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. மேற்கில் பல ஊர்களுக்குத் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. எங்களுக்குக் கிணற்றுத் தண்ணீர். மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, தண்ணீர் இல்லை. தொட்டி நிறைய எண்ணெய் இருந்தும் பாய்லர் எரியாது, அதற்கும் மின்சாரம் வேண்டும். மறுநாள் காலை பக்கத்துப் பண்ணைக்காரர் சாலையில் விழுந்த மரத்தை ரம்பத்தால் அறுத்து ஒதுக்கிவிட்டு டிராக்டரில் வந்தார். ஒரு பெரிய டிரம்மில் தண்ணீர், நாலு மூட்டை கரி நிலத்துக் கட்டிகள். டர்ஃப் என்று இவர்கள் சொல்லும் அந்தக் கட்டிகளைச் சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். கணப்பு அடுப்பில் அதைப் போட்டு, அதன் இரும்புத் தட்டின் மேலேயே கஞ்சி வைத்தேன். பிள்ளைகள் அந்த அறையிலேயே படுத்தார்கள். ஊர் கேலிக் கால்பந்து (அயர்லாந்தின் சொந்தக் கால்பந்து) கிளப்பில் ஜெனரேட்டர் போட்டு, குளிக்கவும் போன் சார்ஜ் செய்யவும் திறந்துவிட்டிருந்தார்கள். தேநீரும் சூப்பும் இருந்தன. நீ யார், எந்த ஊர் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. முன்பே தெரிந்துவைத்திருந்தார்கள்.

இவர்களுக்கு வெளிநாடு போன வலி புதிதில்லை. 1841 கணக்கெடுப்பில் மேயோவில் 3,88,000 பேருக்கு மேல் இருந்தார்கள். பஞ்சமும் அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேல் நடந்த குடிபெயர்வும் போக, இன்று சுமார் 1,38,000 பேர்தான். கூரை இல்லாத கல் சுவர்களை வயல் நடுவே பார்ப்பீர்கள், ஒரு காலத்தில் குடும்பம் இருந்த வீடுகள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் இங்கிலாந்துக்கும் பாஸ்டனுக்கும் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலியோரம் பார்த்தால் அவர் என்னைக் கேட்பது, "அம்மாவுக்குப் போன் பண்ணிவிட்டாயா?" என்றுதான்.

லெட்டர்கென்னி வாசி (டோனிகால்)

அக்கா சொன்ன தூரக் கணக்கு டோனிகாலில் இன்னும் ஒரு படி மேலே. எங்கள் கவுன்டியில் ரயிலே கிடையாது. மூன்று பக்கம் கடல், மிச்சத்தில் பெரும்பகுதி பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்தின் எல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் டெர்ரி நகரம் அரை மணி நேரத்தில் இருக்கிறது. வேலை செய்யும் இடத்தில் எல்லாரும் சனிக்கிழமை அங்கே போய்த்தான் சாமான் வாங்குவார்கள். சாலையில் சோதனைச் சாவடி ஒன்றும் இல்லை. ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டோடு அயர்லாந்துக் குடியிருப்பு அட்டை மட்டும் வைத்திருப்பவர் எல்லை தாண்டப் பிரிட்டன் விசா வேண்டும். இது பலருக்குத் தெரிவதில்லை. லெட்டர்கென்னியிலிருந்து டப்ளினுக்கு நேராகப் போகும் பேருந்தே வட அயர்லாந்து வழியாகத்தான் போகிறது. அதில் அதிகாரிகள் ஏறிப் பார்ப்பதும் உண்டு. நாங்கள் டப்ளின் போவதென்றால் ஸ்லைகோ வரை காரிலோ பேருந்திலோ போய் அங்கிருந்து ரயில். முதல் வருடத்திலேயே பிரிட்டனின் நீண்டகால விசிட்டர் விசாவுக்கு விண்ணப்பித்து வைத்துக்கொண்டோம். காசு போனாலும் மனசுக்கு நிம்மதி.

வீடு வாங்கும் எண்ணம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. டோனிகாலிலும் மேயோவிலும் ஆயிரக்கணக்கான வீடுகளின் கான்கிரீட் கற்கள் உதிர்கின்றன. கற்களில் கலந்துவிட்ட மைக்கா, பைரைட் போன்ற கனிமங்கள்தான் காரணம். வெளிச்சுவரில் வலை மாதிரி விரிசல் ஓடியிருந்தால் பக்கத்தில் போகாதீர்கள். அரசு நிவாரணத் திட்டம் வைத்திருக்கிறது, அதற்காக அதை நம்பி யாரும் வாங்க வேண்டாம். சுவரைத் துளைத்து எடுக்கும் பரிசோதனை அறிக்கை இல்லாத வீட்டுக்கு வங்கியே கடன் கொடுக்கத் தயங்கும். எங்களுக்கு மிகவும் பிடித்திருந்த ஒரு வீட்டை இதனாலேயே விட்டோம். கடல் தெரியும் வீடு. இன்றும் அந்தப் பக்கம் போனால் என் வீட்டுக்காரர் காரை மெதுவாக்குவார்.

திரும்பிப் போனவன் (டப்ளின்)

நான் லீட்ரிமில் இருந்தேன், மனைவிக்கு அங்கே வேலை. அயர்லாந்திலேயே மக்கள்தொகை குறைந்த கவுன்டி அது, 35,000 பேர்தான். மனைவியின் வேலை பெர்மிட்டால் எனக்கும் வேலை செய்யும் உரிமை இருந்தது. ஆனால் உரிமை இருந்து என்ன, என் துறையில் அங்கே வேலை இல்லை. டிசம்பரில் ஒன்பது மணி வரை விடியாது, நாலரைக்குள் இருட்டிவிடும், நடுவில் மழை. மனைவி ஷிப்டுக்குப் போனபின் பேச ஆளில்லாமல் வீட்டில் இருப்பது பெரிய கொடுமை. ஊர்க்காரர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், தங்கமான மனிதர்கள். ஆனால் இருவரில் ஒருவருக்கு வீட்டிலிருந்தே செய்யும் வேலை இல்லையென்றால் யோசித்து முடிவெடுங்கள். டப்ளின் வாடகையைக் கடித்துக்கொண்டு கட்டுகிறோம், ஆனால் எனக்கு வேலை இருக்கிறது.

மதுரைப் பொண்ணு (கார்க்)

அக்கா, டாக்டர், பள்ளிக்கூடம் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்களேன். எனக்கு இரண்டு வாண்டுகள், நாலும் ஏழும். அப்புறம் இட்லி மாவு அந்தக் குளிரில் பொங்குமா? அம்மா கேட்கச் சொன்னார்கள்!

பாளையங்கோட்டைக்காரி (மேயோ)

மாவு பொங்கும்மா, கவலையே வேண்டாம். இங்கே பழைய வீடுகளில் வெந்நீர் டேங்க் இருக்கும் அலமாரி ஒன்று உண்டு, ஹாட் பிரஸ் என்பார்கள். துணி காய வைப்பதற்கு. மாவுப் பாத்திரத்தை ராத்திரி அதற்குள் வைத்துவிட்டால் காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்கும். அடியில் ஒரு தட்டு வையுங்கள், இல்லாவிட்டால் துவைத்த போர்வையில் வழிந்துவிடும். உளுந்து, புழுங்கலரிசிக்கு நாங்கள் பாலிஹானிஸ் போவோம். சின்ன ஊர்தான், ஆனால் ஹலால் இறைச்சித் தொழிற்சாலையால் பாகிஸ்தான், சிரியா என்று பல நாட்டுக்காரர்கள் அங்கே குடியேறியிருக்கிறார்கள். 1987ல் கட்டிய மசூதியும் இருக்கிறது. நம் சமையலுக்கு வேண்டிய முக்கால்வாசி அங்கே கிடைத்துவிடும், கறிவேப்பிலைக்குத்தான் அதிர்ஷ்டம் வேண்டும்.

டாக்டர் விஷயம்தான் எனக்கு இங்கே உண்மையிலேயே கவலை. எட்டு வயதுக்குள் குழந்தைகளுக்கு ஜிபி என்னும் குடும்ப டாக்டரைப் பார்ப்பது இலவசம், 2023 ஆகஸ்டிலிருந்து. அதனால் உன் இரண்டு பிள்ளைகளுக்கும் அந்த இலவச அட்டை கிடைக்கும். ஆனால் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரைத் தேட வேண்டும். பல கிளினிக்குகளில் புது நோயாளிகளைச் சேர்ப்பதில்லை. கிராமத்து டாக்டர்கள் ஓய்வு பெறுகிறார்கள், அந்த இடத்துக்கு இளையவர்கள் வருவதில்லை. நாங்கள் ஏறி இறங்கிய கிளினிக்குகள் கொஞ்சம் இல்லை. கடைசியில் இடம் கிடைத்தது நாற்பது நிமிடத் தூரத்தில். மருத்துவமனையில் வேலை செய்யும் எனக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களை நினைத்துப் பார். வயதானவர்கள் இதனால் மாத்திரையைத் தள்ளிப்போடுவதை வார்டில் தினமும் பார்க்கிறேன், வயிறு எரிகிறது. பெரியவர்களுக்கு ஒரு முறை பார்க்க அறுபது யூரோ பக்கம் ஆகும். ஜிபி கடிதம் இல்லாமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போனால் 100 யூரோ. மருந்துச் செலவுக்கு மட்டும் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது: பதிவு செய்துகொண்டால் ஒரு குடும்பம் மாதத்துக்கு 80 யூரோவுக்கு மேல் கட்ட வேண்டியதில்லை.

பள்ளிக்கூடம் பற்றி நான் சந்தோஷமாகச் சொல்வேன். எங்கள் ஊர்ப் பள்ளியில் மூன்று டீச்சர்தான், ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்பு. பிள்ளைகள் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் டீச்சர் பணியிடம் தருவார்கள். நாங்கள் இரண்டு பேரைச் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியை எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார், ஒரு பணியிடம் தப்பித்தது என்று. தொடக்கப் பள்ளியில் புத்தகம் இலவசம். பள்ளிப் பேருந்துக்குத் தகுதி இருந்தால் வருடத்துக்கு ஒரு பிள்ளைக்கு 50 யூரோதான். பெரும்பாலும் கத்தோலிக்கப் பள்ளிகள், மதப் பாடத்திலிருந்து விலக்குக் கேட்கலாம். என் மகன் இப்போது பச்சை சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு மேயோ அணிக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறான். 1951க்குப் பிறகு மேயோ கேலிக் கால்பந்தில் அகில அயர்லாந்துக் கோப்பையை வெல்லவே இல்லை, இறுதிப் போட்டி வரை போய்ப் போய்த் தோற்றிருக்கிறார்கள். ஆனாலும் வருடா வருடம் ஊரே கிளம்பிப் போகும். இந்த ஊர்க்காரர்களை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று. போன வருடம் பக்கத்து வீட்டுப் பெரியவரின் அக்கா இறந்துவிட்டார். இங்கே காலையில் மிட்வெஸ்ட் ரேடியோவில் மரண அறிவிப்பு வாசிப்பார்கள், கேட்டதும் ஊர் கிளம்பிவிடும். நம் ஊரில் துக்கம் கேட்கப் போவது மாதிரியே, வரிசையில் நின்று குடும்பத்தார் ஒவ்வொருவரிடமும் கை கொடுத்துவிட்டுப் போக வேண்டும். நான் ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு போனேன். பெரியவர் என் கையை விடாமல், வந்திருந்த சொந்தக்காரர்களிடம் "இது எங்கள் வீட்டுப் பெண்" என்றார்.

காலி வீடு வாங்கியவன் (ரோஸ்காமன்)

வாங்கும் யோசனை இருப்பவர்களுக்கு மட்டும் சுருக்கமாக. 2007 வரைக்கும் கட்டிய, இரண்டு வருடத்துக்கு மேல் காலியாகக் கிடக்கும் வீட்டைச் சீரமைக்க அரசு 50,000 யூரோ வரை தருகிறது, இடிந்த நிலை என்றால் 70,000 வரை. ஆனால் எங்களுக்கு வேலை முடிந்து கவுன்சில் ஆள் வந்து பார்த்த பிறகுதான் பணம் வந்தது. அதுவரை கைக்காசும் கடனும்தான். மேஸ்திரி, பிளம்பர் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். கழிவுத் தொட்டியையும் கிணற்றுத் தண்ணீரையும் சோதித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், கெட்டிலில் வெள்ளையாகப் படியும், வடிகட்டி போட வேண்டியிருந்தது.

பாளையங்கோட்டைக்காரி (மேயோ)

மதுரைப் பொண்ணு, வருவதாக இருந்தால் முதலில் ஜிபிக்குப் போன் செய்து இடம் இருக்கிறதா என்று கேள், அப்புறம் பள்ளி, அப்புறம் வீடு. வீடு பார்க்க ஜனவரியில் வா. ஜூனில் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், எந்த வீடும் அழகாகத்தான் தெரியும். எங்கள் வீட்டில் தங்கிக்கொண்டு பார்க்கலாம். வரும்போது கறிவேப்பிலை கொண்டு வா.