புதுப்பிப்பு: காவிரித் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் ஒரே தொட்டியிலா?

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிற்சாலைகளை ஒட்டிய ஊர்களில் இரண்டையும் ஒரே தொட்டியில் விடலாம் என்று போன பதிவில் எழுதியிருந்தேன். அது தவறு, மன்னிக்கவும். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 300 உள்ள காவிரிக் குழாய்நீர் 500 லிட்டரில் 2300 உள்ள போர்வெல் தண்ணீர் 500 லிட்டர் சேர்ந்தால் மொத்தமும் 1300 ஆகிவிடும். (குடிக்க உகந்தது 500, வேறு வழியே இல்லாவிட்டால்தான் 2000 வரை.) காய்ச்சினால் உப்பு போகாது, சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும்.

குடிநீருக்குத் தனித்தொட்டி, தனிக்குழாய். இரண்டு குழாய்களுக்கும் நடுவில் வால்வு போட்டால் போதாதா என்று கேட்டிருந்தீர்கள். வால்வு உள்ளுக்குள் கசிந்தால் வெளியே தெரியாது.

முக்கியமாக, தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் என்ற உலோகத்தை டிடிஎஸ் மீட்டர் தனியாகக் காட்டாது. லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான் வரம்பு, ஆய்வகத்தில்தான் தெரியும். ஆய்வகத்துக்கு மாதிரி எடுக்க, மோட்டாரை 10 நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள்.