ரிப்ளியின் மகள் காட்சி தேவையா?

நிலவறை:
‘ஏலியன்ஸ்’ (1986) படத்தின் நீளமான பதிப்பை இப்போதுதான் பார்த்தேன். விண்கலத்தில் 57 வருட உறக்கம் கலைந்து எழும் நாயகி ரிப்ளியிடம், பூமியில் விட்டுவந்த மகள் அமண்டா 66 வயதில் இறந்துபோன செய்தியைச் சொல்கிறார்கள். மகளின் பதினோராவது பிறந்தநாளுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் ரிப்ளி. தியேட்டரில் ஓடிய பதிப்பில் இந்தக் காட்சியே கிடையாது. அநாதைச் சிறுமி நியூட்டுக்காக அவள் ஏலியன்களின் கூட்டுக்குள் தனியாகத் திரும்பிப் போவதை நம்ப இந்தக் காட்சி வேண்டுமா?

கருப்புத்திரை:
கட்டாயம் வேண்டும். பின்னால் நியூட்டிடம் ‘உன்னை விட்டுப் போகமாட்டேன், சத்தியம்’ என்கிறாளே, ஏற்கனவே ஒரு குழந்தைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாமல் போனவள் என்று தெரிந்த பிறகு அந்த வசனத்தைக் கேட்டுப் பாருங்கள். காட்சியை வெட்டியதில் ரிப்ளியாக நடித்த சிகர்னி வீவருக்கே வருத்தம் உண்டு.

மழைக்காலம்:
எனக்கு வேண்டாம். அது இருந்தால் செத்த மகளின் இடத்தை நிரப்ப வந்தவளாக நியூட் ஆகிவிடுகிறாள், அந்தச் சின்னப் பெண்ணுக்கு அது அநியாயம். பெற்றவளாக இருந்தால்தான் இப்படிச் செய்வாளா என்ன? ராணி ஏலியன் காட்சி ஒன்றே போதும். ரிப்ளி நெருப்புத் துப்பாக்கியை முட்டைகள் பக்கம் திருப்பிக் காட்டுகிறாள், ராணி தன் காவலர்களைப் பின்வாங்க வைக்கிறது, ஒரு வார்த்தை இல்லாமல் இரண்டு தாய்களும் பேரம் பேசி முடித்துவிடுகிறார்கள். அப்புறம் ஒரு முட்டை திறந்ததும் ரிப்ளி எல்லாவற்றையும் கொளுத்துகிறாள். குழந்தை கையில் இருக்கிறது, ஓடியிருக்கலாம், ஆனால் ஆத்திரம் விடவில்லை. அந்த ஆத்திரத்தால்தான் ராணி கப்பல் வரைக்கும் துரத்தி வருகிறது. காப்பாற்ற வந்தவளே ஆபத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறாள் பாருங்கள், எனக்குப் படத்திலேயே பயங்கரமான இடம் அதுதான்.

ஈரச்சுவர்:
(முடிவைச் சொல்கிறேன், பார்க்காதவர்கள் தாண்டிவிடுங்கள்.) ஜப்பானிய இயக்குநர் ஹிதேயோ நகாதாவின் பேய்ப்படம் ‘டார்க் வாட்டர்’ (2002) இதற்கு நேர் எதிர். விவாகரத்து வழக்கில் மகளைப் பறிகொடுத்துவிடுவோமோ என்று பயந்துகொண்டே இருக்கும் யோஷிமி, கடைசியில் லிஃப்டுக்குள் தான் அணைத்திருப்பது பேய்க் குழந்தை, சொந்த மகள் வெளியே நிற்கிறாள் என்று உணர்கிறாள். சண்டையே போடவில்லை. நான்தான் உன் அம்மா என்று அந்தப் பேயிடம் சொல்லி அதனோடு போய்விடுகிறாள், மகள் அழுதுகொண்டே பின்னால் ஓடி வருகிறாள். எந்த ஆயுதமும் இல்லாமல் இவள் செய்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நிலவறை:
மழைக்காலம், நியூட் பற்றிச் சொன்னது சரி, ஆனாலும் அந்தச் சத்திய வசனத்துக்காகவே நான் நீளமான பதிப்பின் பக்கம்தான்.