புதுப்பிப்பு: ஆலிவ் கன்றுகளைக் கொன்றது தண்ணீர் இல்லை

ஸ்பெயினில் ஹயேன் பக்கம் நான் வேலை பார்க்கும் தோப்பில் மூன்று வயது ஆலிவ் கன்றுகள் ஒவ்வொன்றாகக் காய்கின்றன என்று போன மாதம் எழுதியிருந்தேனே, காரணம் தெரிந்துவிட்டது. தண்ணீர் தேங்கி வேர் அழுகியிருக்கும் என்று பலரும் சொன்னீர்கள், நானும் நம்பினேன். செத்ததில் இரண்டைத் தோண்டிப் பார்த்தால் வேர் நன்றாகவே இருந்தது. அப்புறம்தான் கவனித்தேன், முதலில் ஒரு பக்கக் கிளை மட்டும் வாடுகிறது, இலை சுருண்டு காய்ந்தும் உதிராமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பாதி வாடிய கிளைகளை ஆய்வகத்துக்கு அனுப்பினோம் (முழுதாகக் காய்ந்ததில் பூஞ்சை சிக்குவது கஷ்டம்).

வெர்டிசிலியம் என்ற பூஞ்சையால் வரும் வாடல் நோயாம்.

இந்த நிலத்தில் முன்பு பருத்தி போட்டிருந்தார்கள் என்று முதலாளி இப்போதுதான் வாய் திறக்கிறார்! பருத்தி, தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் தாக்கும் பூஞ்சை இது, மண்ணில் 10 வருடத்துக்கு மேலும் கிடக்கும். பிடித்த மரத்தை மருந்தடித்துக் குணமாக்க முடியாது. மண்ணோடு பரவும் என்பதால் உழவை நிறுத்திவிட்டோம், சொட்டுநீரையும் குறைத்தாயிற்று. எங்கள் கன்றெல்லாம் பிக்குவால் ரகம், இந்த நோய்க்குச் சட்டென்று பலியாகும். சரி, காலிக் குழிகளில் கோடை முழுக்க பிளாஸ்டிக் விரித்து மண்ணை வெயிலில் வேகவைத்துவிட்டு, நோயை ஓரளவு தாங்கும் ஃபிரான்டோயோ ரகத்தை நட்டுப் பார்க்கப்போகிறோம்.