கல்யாண டிவிடி 1500 கிடக்கு, எதுல மாத்தி வச்சா நிலைக்கும்?

முத்துநகர் வீடியோ:
வணக்கம். தூத்துக்குடில சின்ன வீடியோ கடை. 2006ல இருந்து 2016 வரை எடுத்த கல்யாணம், சடங்கு, பால்காய்ப்பு எல்லாத்துக்கும் மாஸ்டர் டிவிடி ஒண்ணு கடையில வச்சிருக்கேன், கேக் பாக்ஸ்ல (டிஸ்க் அடுக்குற வட்ட டப்பா) அடுக்கி மொத்தம் 1500 வரும். போன வாரம் ஒரு அக்கா வந்து 2009ல எடுத்த அவங்க கல்யாணத்தைக் கேட்டாங்க, அப்பா இப்ப தவறிட்டாராம், பொண்ணை வழியனுப்பும்போது அவர் அழுதது அதுல மட்டும்தான் இருக்காம். டிஸ்க்கைப் போட்டா மாப்பிள்ளை அழைப்பு ஓடுது, தாலி கட்டு ஓடுது, சாப்பாட்டுப் பந்தி வரும்போது கட்டம் கட்டமா உடைஞ்சு நின்னுருது. காப்பி பண்ணினா சைக்ளிக் ரிடன்டன்சி எரர், அதாவது டேட்டாவைச் சரியா படிக்க முடியலன்னு வருது. சும்மா எடுத்து இன்னும் 10 டிஸ்க் பார்த்தேன், 3 இதே கதை, எல்லாமே கடைசிலதான் போகுது. மிச்சத்தையாவது காப்பாத்தணும். ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா, எம்-டிஸ்க்கா (ரொம்ப வருஷம் நிக்கும்னு விக்கிற டிஸ்க்), கிளவுடா? பட்ஜெட் 50 ஆயிரத்துக்குள்ள.

கோவை எடிட்டர்:
ப்ரோ எல்லாத்தையும் எச்.265ங்கிற புது வீடியோ ஃபார்மட்டுக்கு கன்வெர்ட் பண்ணிடுங்க, கால்வாசி சைஸ்தான் வரும், ஒரு 2 டிபி எஸ்எஸ்டில முடிஞ்சிரும்.

பழைய டேப்:
தம்பி, அதைச் செய்யாதீங்க. டிவிடில இருக்கறது 720க்கு 576 சைஸ்ல எம்பெக்-2ங்கிற பழைய ஃபார்மட் வீடியோ, ஏற்கனவே ஒரு தடவை நசுக்கினது, அதை மறுபடி நசுக்கினா பட்டுப்புடவை ஜரிகை எல்லாம் கஞ்சி ஆயிரும், போனது போனதுதான். பார்க்கறதுக்கு எம்பி4 தனியா போட்டுக் குடுங்க, ஒரிஜினலை அப்படியே ஐஎஸ்ஓவா (முழு டிஸ்க்கோட அச்சு நகல், ஒரே ஃபைல்) எடுத்து வைங்க. எஸ்எஸ்டி கரண்ட் இல்லாம வருஷக்கணக்கா பீரோல தூங்குற வேலைக்கு ஆகாது, சார்ஜ் கசிஞ்சு டேட்டா போகும்.

கடைசில ஏன் போகுதுன்னா, டிவிடி உள் வட்டத்துல இருந்து வெளியே போற மாதிரி ரைட் ஆகும். டிஸ்க் நிறைய ஏத்தினா படத்தோட கடைசி ஓரத்துல வந்து உக்காரும், கைபடுறதும் உப்புக்காத்து முதல்ல ஏறுறதும் அங்கதான்.

முத்துநகர் வீடியோ:
அய்யோ, நான் 4.3 ஜிபி வரைக்கும் முட்ட முட்ட ஏத்துவேன் அண்ணாச்சி. அப்ப எம்-டிஸ்க்?

பழைய டேப்:
மீடியா நல்லதுதான், சாதா டிவிடில டேட்டா பதியுற, நாளாக நாளாகக் கெட்டுப்போற ஆர்கானிக் சாயம் இதுல கிடையாது. ஆனா கணக்கு போடுங்க, டிஸ்க்குக்கு சராசரி 4 ஜிபின்னா மொத்தம் 6000 ஜிபி, 25 ஜிபி ப்ளூரே எம்-டிஸ்க்ல ஏத்த 250 கிட்ட வேணும், யார் உக்காந்து ரைட் பண்றது? எல்டிஓ டேப் (கம்பெனிங்க டேட்டா சேமிக்கிற காந்த நாடா) இதுக்குன்னே உள்ள சாமான், எல்டிஓ-8 ஒரு டேப்லயே 12 டிபி புடிக்கும், ஆனா புது டிரைவ் விலை லட்சத்துல நிக்குது, உங்க கடைக்கு வேண்டாம். கிளவுட்ல அமேசானோட கிளேசியர் டீப் ஆர்க்கைவ் (அடிக்கடி எடுக்காத டேட்டாவுக்கான மலிவுச் சேமிப்பு) மாதிரி இருக்கு, அமெரிக்க ரீஜன்ல 1 டிபிக்கு மாசம் சுமார் 1 டாலர்தான், ஆனா 20 எம்பிபிஎஸ் அப்லோடுல இதை ஏத்த ராப்பகலா ஒரு மாசம் ஓடணும், திருப்பி இறக்கும்போது தனியா காசு.

என் வழி: 8 டிபி ஹார்ட் டிஸ்க் ரெண்டு, வேற வேற கம்பெனி. ஒண்ணு கடைல, இன்னொண்ணு வேற ஊர்ல. ஒவ்வொரு ஐஎஸ்ஓவுக்கும் எம்டி5 (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு குறியீடு, ஃபைல் மாறினா இதுவும் மாறும்) எடுத்து ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல போட்டு வைங்க, வருஷம் ஒரு தடவை ரெண்டையும் மாட்டி சரிபாருங்க, அஞ்சாறு வருஷத்துல புதுசுக்கு மாத்திருங்க.

சேலம்காரன்:
ஒண்ணு சேர்த்துக்கிறேன், ஹார்ட் டிஸ்க்கை எக்ஸ்ஃபேட்லயோ என்டிஎஃப்எஸ்லயோ ஃபார்மட் பண்ணுங்க. ஃபேட்32ங்கிற பழைய ஃபார்மட்ல 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைல் ஏறாது, ஐஎஸ்ஓ பாதி அங்கதான் மாட்டும். நான் ஒரு நாள் முழுக்க கேபிளைத் திட்டினேன்.

அப்புறம் அந்த அக்கா டிஸ்க்: அவங்க சொந்தக்காரங்க யார்கிட்டயாவது அதே டிவிடி இருக்கான்னு கேளுங்க. நீங்க ஒரே ஐஎஸ்ஓல இருந்து ரைட் பண்ணியிருந்தா ரெண்டு டிஸ்க்லயும் டேட்டா துண்டு எல்லாம் அதே இடத்துலதான் இருக்கும். லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூன்னு டேட்டா மீட்குற சாஃப்ட்வேர் போட்டு உங்க டிஸ்க்கை முதல்ல படிங்க, எது வரலன்னு மேப் ஃபைல்ல குறிச்சு வச்சிரும், அதே மேப்பைக் குடுத்து ரெண்டாவது டிஸ்க்கைப் போட்டா விட்டுப்போன இடத்தை மட்டும் நிரப்பும்.

முத்துநகர் வீடியோ:
பத்து நாள் கழிச்சு வரேன். அக்காவோட தம்பி சிவகாசில இருக்காரு, அவர் காப்பி கீறல் விழுந்து உப்புத்தாள் போட்டுத் தேச்ச மாதிரி இருந்துச்சு, ஆனா எனக்குப் போன இடம் அதுல போகல. நிரம்பிருச்சு! அக்காவோட அப்பா துண்டால முகத்தைத் துடைக்கிற இடத்துல ஒரு செகண்ட் பச்சைக் கட்டம் வருது, அக்கா அது இருக்கட்டும்னுட்டாங்க. ஹார்ட் டிஸ்க் ரெண்டு வாங்கியாச்சு, 8 டிபின்னு போட்டு 7.27ன்னு காட்டுது, அது வழக்கம்தானே? ஒண்ணு பாளையங்கோட்டைல மச்சான் வீட்டுக்குப் போகுது. தினம் 20 டிஸ்க் எடுக்கேன், பழசுல இருந்து ஆரம்பிச்சு. ஒரே சந்தேகம், பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டினது ஒரு 200 இருக்கு, ஓரம் தூக்கிட்டு கடகடன்னு சத்தம் போடுது, உரிச்சிரலாமா?

பழைய டேப்:
உரிக்காதீங்க. 7.27 சரியான கணக்குதான், கம்பெனி 1000ஆ எண்ணும், கம்ப்யூட்டர் 1024ஆ எண்ணும், அதை விடுங்க. டிவிடி ரெண்டு தகடை ஒட்டினது, ஸ்டிக்கரை இழுத்தா தகடே பிரியலாம். தூக்கின ஓரத்தை மட்டும் பிளேடால நறுக்கிட்டு, டிரைவ் சுத்துற வேகத்தை 4 எக்ஸுக்குக் குறைச்சு அந்த 200ஐ முதல்ல எடுங்க.