ஐம்பதில் ஹார்மோன் எடுத்தால் மாரடைப்பு வராதா?

தேன்மொழி: மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் எடுத்தால் இதயம் கெடும் என்று இன்னும் எத்தனை வருடம் பயமுறுத்துவீர்கள்? எல்லாம் 2002-ல் அமெரிக்காவில் ஹார்மோன் மாத்திரையைச் சோதித்த ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ ஆய்வைப் பாதியில் நிறுத்தியதால் கிளம்பிய பீதி. அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. அவர்களுக்கு வந்த முடிவை, ராத்திரி தலையணை நனைய வியர்த்து எழுந்து உட்காரும் 50 வயதுக்காரியின் தலையில் கட்டிவிட்டார்கள். சீக்கிரம் தொடங்கினால் இதயத்துக்குப் பாதுகாப்புதான்.

ராகவன்: கடைசி வரி மட்டும் இடிக்கிறது. தொண்ணூறுகளிலும் இதையேதான் சொன்னார்கள். அமெரிக்க நர்ஸுகளைப் பல வருடம் கவனித்ததில், ஹார்மோன் எடுத்தவர்களுக்கு இதய நோய் குறைவாகத் தெரிந்தது. ஆனால் எடுத்தவர்கள் பொதுவாகவே உடம்பைப் பார்த்துக்கொள்பவர்கள். பலன் மாத்திரையால் வந்ததா, அந்தக் கவனத்தால் வந்ததா? யாருக்கு ஹார்மோன், யாருக்கு இல்லை என்று குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்துப் பார்த்ததும் அந்தப் பலன் காணாமல் போனது.

தேன்மொழி: 2016-ல் வந்த எலைட் ஆய்வைப் படித்தீர்களா சார்? மாதவிடாய் நின்று 6 வருடத்துக்குள் தொடங்கியவர்களுக்குக் கழுத்து ரத்தக்குழாயின் சுவர் தடிப்பது, அதாவது அடைப்புக்கான ஆரம்ப அறிகுறி, மெதுவானது. 10 வருடம் கழித்துத் தொடங்கியவர்களுக்கு அப்படி இல்லை.

ராகவன்: அதே ஆய்வில் இதய ரத்தக்குழாயில் படிந்த கால்சியத்தில் வித்தியாசம் இல்லை. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

வாணி: ரெண்டு பேரும் எண்ணிக்கையைச் சொல்லாமலே சண்டை போடுகிறீர்கள். அந்த 2002 ஆய்வு முடிவின்படி, ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரையை 10,000 பெண்கள் ஒரு வருடம் எடுத்தால் கூடுதலாக 7 பேருக்கு இதய நோய், 8 பேருக்குப் பக்கவாதம், 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய். இடுப்பெலும்பு முறிவு 5 குறையும். கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த பிரிவில் இதய நோய் கூடவில்லை, பக்கவாதம் கூடியது. எனக்கும் கர்ப்பப்பை எடுத்தாகிவிட்டது. டாக்டர் ஈஸ்ட்ரோஜன் ஜெல்தான் எழுதினார். மாத்திரை கல்லீரல் வழியாகப் போவதால் ரத்தம் உறைவது கூடும், தோலில் தடவினால் அந்த ஆபத்து குறைவு என்றார். இந்த வேறுபாட்டை இங்கே யாரும் பேசக் காணோம்.

தேன்மொழி: நல்லது வாணி. அப்புறம், 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வே ஹார்மோன் மருந்துகளின் விவரக் குறிப்பில் இதய நோய் பற்றிக் கட்டம்கட்டிப் போட்டிருந்த எச்சரிக்கையை நீக்க முடிவெடுத்ததே?

ராகவன்: எச்சரிக்கையை நீக்கினால் இதய மருந்தாகிவிடுமா? வியர்வைக்கும் தூக்கத்துக்கும் எடுங்கள், நான் தடுக்கவில்லை. ‘ஹார்மோன் எடுக்கிறேனே’ என்று பிரஷரும் சுகரும் பார்க்காமல் விட்டுவிடுவார்களே, அதுதான் என் கவலை.

தேன்மொழி: யார் விடச் சொன்னது? டென்மார்க்கில் மாதவிடாய் நின்ற சூட்டோடு 1,006 பெண்களைக் குலுக்கல் முறையில்தான் பிரித்தார்கள். 10 வருடத்தில் மரணம், மாரடைப்பு, இதயச் செயலிழப்பு மூன்றும் சேர்த்து ஹார்மோன் பக்கம் 16, எடுக்காதவர் பக்கம் 33.

ராகவன்: அது எலும்புக்காகத் தொடங்கிய ஆய்வு. ஒப்பிட மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுக்கவில்லை, யார் எடுக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். 16-ஐயும் 33-ஐயும் வைத்து ஊருக்கே மருந்து எழுத முடியாது.

தேன்மொழி: சரி, ஐம்பது வயதுக்காரர்களை மட்டும் வைத்துப் பெரிய ஆய்வு நடத்தட்டுமே.

ராகவன்: அந்த வயதுப் பெண்களுக்கு மாரடைப்பே அரிது. வித்தியாசம் தெரியப் பல ஆயிரம் பேரைப் பல வருடம் பின்தொடர வேண்டும். காப்புரிமை தீர்ந்த மருந்துக்கு அந்தச் செலவை எந்தக் கம்பெனி செய்யும்?