‘கம்பாட்டிபிள்’ என்ற சொல்லை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி (பாம்பன்):
எங்கள் விசைப்படகுக்கு வாங்கிய எக்கோ சவுண்டரின் (ஒலி அலைகளால் கடலின் ஆழத்தை அளக்கும் கருவி) பெட்டியில் ‘கம்பாட்டிபிள் வித்’ என்று தொடங்கும் வரியொன்று இருந்தது. பழைய சென்சாரை மாட்டிப் பார்த்தபோது, அதன் பிளக்கில் 7 ஊசிகளும் கருவியில் 9 துளைகளும் இருந்ததால் ஏறவே இல்லை. இச்சொல்லுக்குப் ‘பொருத்தமான’ என்று மட்டும் பொருள் கொண்டால் போதுமா?

பதில் (கீழக்கரை):
போதாது என்றே கருதுகிறேன். ‘பொருத்தமான’ என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லான ‘சூட்டபிள்’ என்பது ஒரு பொருள் ஒரு தேவைக்கு ஏற்றதா என்பதைச் சொல்கிறது. ‘கம்பாட்டிபிள்’ என்பதோ இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று கெடுக்காமல் சேர்ந்து இயங்குமா என்பதைச் சொல்கிறது. ‘உடன் துன்புறுதல்’ என்று பொருள்படும் லத்தீன் வினையே இதன் மூலம் என்பதால், ஒன்றையொன்று பொறுத்துக்கொள்ளுதல் என்ற சாயல் இதில் இன்றும் தங்கியிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. இந்த இணக்கம் சில இடங்களில் ஒருவழியாகவும் அமையும்: ஓ நெகட்டிவ் சிவப்பணுக்களை ஏ வகையினருக்குச் செலுத்தலாம், ஏ வகையினரின் சிவப்பணுக்களை ஓ வகையினருக்குச் செலுத்தலாகாது. ஆகவே கருவி வாங்கும்போது, எது எதனோடு இணங்கும் என்று மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்பதே நல்லது.

பதில் (தொண்டி):
இச்சொல்லை அடுத்து ‘வித்’ வரவேண்டும். ‘டு’ என்று எழுதுவது பிழை. எதிர்ச்சொல் ‘இன்கம்பாட்டிபிள்’. மனிதர்களைப் பற்றிச் சொல்லும்போது ‘மனமொத்த’ என்றும், கருவிகளுக்கு ‘இணக்கமான’ என்றும் நான் எழுதுகிறேன். ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் அமைந்தவர்களை ஆங்கிலத்தில் இச்சொல்லாலேயே குறிக்கலாம்.