செம்பு உண்மையிலேயே தீர்ந்துபோகுமா?

கணக்குப்பிள்ளை:
உலகத்தின் செம்பு இருப்பை ஓராண்டு உற்பத்தியால் வகுத்தால் நாற்பது சொச்சம் ஆண்டுகள்தான் வருகிறது. பெட்ரோலை விட்டு மின்சாரத்துக்கு மாறுங்கள் என்கிறார்கள். மோட்டார், மின்மாற்றி, காற்றாலை எல்லாவற்றுக்கும் செம்பு வேண்டும். அந்த மின்சாரம் ஓடக் கம்பிக்கு எங்கே போவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லுளிமங்கன்:
இந்த வகுத்தல் கணக்கு பழசு. 1970-ல் மதிப்பிட்ட உலக இருப்பு சுமார் 28 கோடி டன். அதற்குப் பிறகு 50 கோடி டன்னுக்கு மேல் தோண்டி எடுத்தாயிற்று. எப்போதோ கடை மூடியிருக்க வேண்டும். மாறாக, இப்போதைய இருப்பு 100 கோடி டன்னை நெருங்குகிறது.

பட்டியலில் இருப்பு என்று வருவது, துளையிட்டுப் பார்த்து, இன்றைய விலையில் லாபமாக எடுக்கலாம் என்று உறுதியானது மட்டும்தான். முப்பது ஆண்டு கழித்துத் தோண்டப்போகும் பாறைக்கு இன்றே துளையிட்டுக் காசைக் கரைக்க எந்த நிறுவனத்துக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. மண்ணுக்கடியில் மொத்தம் எவ்வளவு கிடக்கிறது என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை.

1980-ல் சூழலியலாளர் பால் எர்லிச்சும் பொருளியலாளர் ஜூலியன் சைமனும் பந்தயம் கட்டினார்கள். செம்பு, குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன் ஐந்தும் பத்தாண்டில் விலை ஏறும் என்பது எர்லிச் பக்கம். 1990-ல் பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் ஐந்துமே இறங்கியிருந்தன. காசோலை அனுப்பியது எர்லிச்.

பாறைநண்டு:
அந்தப் பந்தயக் கதை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேறொரு பத்தாண்டில் கட்டியிருந்தால் சைமன் தோற்றிருக்கவும் கூடும். விலை ஏறும், இறங்கும். பாறையில் இருக்கும் உலோகம் அப்படி இல்லை.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிங்கம் கேன்யன் சுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1906-ல் திறந்தவெளியில் தோண்டத் தொடங்கியபோது நூறு டன் பாறைக்கு ஏறக்குறைய இரண்டு டன் செம்பு. அந்தக் காலத்தில் அதுவே மட்டமான தாது. இன்று உலகின் பல பெரிய சுரங்கங்களில் நூறு டன்னுக்கு அரை டன்தான் தேறுகிறது. ஒரு டன் செம்புக்கு 200 டன் பாறையை வெடித்து, லாரியில் ஏற்றி, மணலைவிடப் பொடியாக அரைக்க வேண்டும். சுரங்கத்தில் மின்சாரத்தை விழுங்குவதே இந்த அரவைதான். அரைத்த தூளை நீரில் கலந்து காற்றைச் செலுத்தினால் செம்புச் சல்பைடுத் துகள்கள் குமிழியில் ஒட்டிக்கொண்டு நுரையோடு மேலே வரும். மிச்சமெல்லாம் சேறு. அதை அணை கட்டித்தான் தேக்க வேண்டும். 2019 ஜனவரியில் பிரேசிலின் புருமாடின்யோவில் இரும்புச் சுரங்கத்தின் கழிவு அணை உடைந்து 270 பேர் மாண்டார்கள். உங்கள் இருப்புப் பட்டியலில் இதற்கு எந்தக் கட்டம்?

கல்லுளிமங்கன்:
அணையை ஒழுங்காகக் கட்டாதது மனிதக் குற்றம். அதைப் புவியியல் தலையில் கட்டாதீர்கள்.

தரம் இறங்கியதை நீங்கள் பற்றாக்குறையின் அடையாளமாகவே பார்க்கிறீர்கள். பெரிய லாரி, நுரை மிதப்பு முறை, அமிலத்தில் கரைத்தெடுக்கும் முறை இவையெல்லாம் வந்ததால்தான் முன்பு தொடாத பாறை தாதுவானது. செம்பின் பெரும்பகுதி போர்ஃபிரி படிவுகளிலிருந்து வருகிறது. பூமி மேலோட்டின் கடலடித் தட்டு கண்டத்துக்கடியில் புகும் இடங்களில் உருகிய பாறைக்குழம்பு மேலேறி வந்து, சில கிலோமீட்டர் ஆழத்தில் நிற்கும். அதிலிருந்து பீறிடும் சூடான உப்புநீர் சுற்றியுள்ள பாறையை நொறுக்கி, அந்த வெடிப்புகளில் செம்பைப் படியவைக்கும். மேலிருந்த மலை அரித்துப்போய் வெளியே தெரிந்தவற்றைத்தான் நாம் பெரும்பாலும் கண்டுபிடித்திருக்கிறோம். வண்டலுக்கும் எரிமலைச் சாம்பலுக்கும் கீழே மூடிக்கிடப்பவை?

பாறைநண்டு:
கிடக்கட்டும், அங்கே இறங்க வேண்டுமே. தென்னாப்பிரிக்காவின் எம்போனெங் தங்கச் சுரங்கம் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் ஆழம். பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கு மேல். பனிக்கூழை மேலிருந்து கீழே அனுப்பித்தான் ஆட்களை வேலை செய்ய வைக்கிறார்கள். தங்க விலைக்கு அது கட்டுப்படியாகும், செம்பு விலைக்கு?

சராசரிப் பாறையில் டன்னுக்கு 60 கிராம் போலச் செம்பு இருக்கிறது என்று அடுத்து யாராவது சொல்வார்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தச் செம்பில் பெரும்பகுதி தனித் துகளாக இல்லை. சாதாரணப் பாறை ஆக்கப்பட்ட சிலிக்கேட் கனிமங்களின் படிகத்துக்குள் மற்ற அணுக்களின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு அரைத்தாலும் நுரையில் வராது, படிகத்தையே உடைக்க வேண்டும். 1976-ல் புவியியலாளர் பிரையன் ஸ்கின்னர் இதைத்தான் கனிமத் தடுப்பு என்றார். தரம் 0.1 சதவீதத்தை ஒட்டி இறங்கும்போது ஆற்றல் செலவு படிப்படியாக ஏறாது, பல மடங்காகத் தாவும்.

அடிவண்டல்:
இருவரும் செம்பையே பிடித்துத் தொங்குகிறீர்கள். எனக்குக் கவலை செம்பின் வாலைப் பிடித்து வருபவை மேல். சூரியத் தகட்டிலும் மின்னணுப் பொருள்களிலும் போடும் அரிய தனிமங்களைச் சொல்கிறேன். டெல்லூரியத்துக்கென்று சுரங்கம் இல்லை என்றே சொல்லலாம், செம்பைச் சுத்திகரிக்கும் தொட்டியின் அடிச்சேற்றில் கிடைப்பதுதான். காலியம் அலுமினியத் தாதுவான பாக்சைட்டோடு வருகிறது, இந்தியம் துத்தநாகத்தோடு. காலியம் விலை பத்து மடங்கானாலும் அதற்காக எவரும் கூடுதலாக அலுமினியம் காய்ச்ச மாட்டார்கள். விலை ஏறினால் சரக்கு வரும் என்ற கல்லுளிமங்கனின் தத்துவம் இங்கே படுத்துவிடுகிறது.

கணக்குப்பிள்ளை:
அப்புறம் எண்ணெய்? அதுவும் தீரும் தீரும் என்றுதானே சொன்னார்கள்?

கல்லுளிமங்கன்:
சொன்னார்கள். புவியியலாளர் ஹப்பர்ட் 1956-ல் அமெரிக்க எண்ணெய் உற்பத்தி 1970 வாக்கில் உச்சம் தொட்டு இறங்கும் என்றார், அப்படியே நடந்தது. உடனே அவரைத் தீர்க்கதரிசி ஆக்கினார்கள். 2018-ல் ஷேல் எண்ணெயின் தயவில் அமெரிக்க உற்பத்தி அந்த உச்சத்தைத் தாண்டிவிட்டது.

பாறைநண்டு:
ஷேல் என்பது எண்ணெய் சமைந்த மூலப்பாறையேதான். வழக்கமான வயலில் எண்ணெய் அங்கிருந்து கசிந்து மேலேறி, மூடுபாறைக்கடியில் மணற்கல்லில் சேர்ந்திருக்கும். அந்த வேலையைப் பூமி பல லட்சம் ஆண்டுகள் செய்து வைத்திருந்தது. ஷேலில் நாமே பாறையைப் பிளக்க வேண்டும். கிணறு முதல் ஆண்டிலேயே பாதிக்கு மேல் வற்றிவிடும், அடுத்ததைத் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். இதை வளம் பெருகியது என்கிறீர்களா?

அடிவண்டல்:
இன்னொன்று, எண்ணெயை எரித்தால் போயிற்று. செம்பு போவதில்லை, உருக்கித் திரும்ப எடுக்கலாம். ஆனால் சுவருக்குள் போன கம்பி வெளியே வரப் பல பத்தாண்டுகள் ஆகும். தேவை ஏறிக்கொண்டே இருக்கும் வரை பழைய செம்பு மட்டும் போதாது.

கல்லுளிமங்கன்:
ஸ்கின்னர் சொன்ன 0.1-க்கு வருகிறேன். ஸ்வீடனின் ஐத்திக் சுரங்கத்தில் செம்பு 0.2 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. ஐரோப்பாவின் பெரிய செம்புச் சுரங்கங்களில் அது ஒன்று. லாபத்தில் ஓடுகிறது. தடுப்புச் சுவருக்கு இவ்வளவு கிட்டே போயும் யாரும் மண்டையை இடித்துக்கொள்ளவில்லையே?

பாறைநண்டு:
அங்கே அதே பாறையில் தங்கமும் வெள்ளியும் கூடவே வருகின்றன. அவற்றைக் கழித்துவிட்டுச் செம்பை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள், அப்புறம் பேசுவோம்.